இரண்டு ஒன்பது

ஞாயிறு இரவு பதினொன்றரை.
பியல் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
அடுப்பு அணைத்த சமையலறை.
மீன் வெட்டும் மேசையை எலுமிச்சைச் சவர்க்காரம் போட்டுத் துடைத்து
கறை பிடித்த விரிப்பொன்றைப் போட்டு நாலு பேர் இருக்கிறோம்.

முதல் இரண்டு சுற்றுக்கும் இரண்டு பிராங்.
பிறகு நாலு. அதுதான் எல்லை.
மடியைக் கொட்டி ஒருவரை வெருட்டிக் கலைக்க முடியாது.
இந்த நாட்டில் வெருட்டலுக்கும்
விலைப்பட்டியல் உண்டு.

சீட்டுப் போட்டது நான்.
எனக்கு வந்தது இரண்டு ஒன்பது:
ஒன்று இஸ்கோப்பன், மற்றது கலாவரை.

முந்நூற்றி நாலு என்றால் சிரிப்பை விழுங்கியிருப்பேன்.
அங்கே ஒன்பதுக்கு இருபது, ராசாவுக்கு வெறும் மூன்று.
ஜாக் ஒருவனைத் தவிர
எவன் வந்தாலும் ஒன்பது எழும்பத் தேவையில்லை.
இங்கே ஒன்பது வாடகைக்கு இருக்கிற ஆள்.
பெரிய முகம் ஏதும் வாசலில் தெரியும்வரை
வீடு அவனுடையது.

கூட்டினேன். நாலு.
சோலாஞ் ஒரு பிராங்கை விட்டுவிட்டுச் சீட்டைக் கவிழ்த்தாள்,
கேக்கில் விழுந்த ஈயைத் தள்ளுவது போல.
அடலீனோ வந்தான். ஆர்பென் வந்தான்.

ஏழு, நாலு, இரண்டு.
மேசையில் என்னைவிடப் பெரியது எதுவுமில்லை.
இருவரும் தட்டினார்கள். நான் இரண்டு வைத்தேன்.
இருவரும் வைத்தார்கள்.
அந்த அரை நிமிடம்
நான் இந்தச் சமையலறையின் முதலாளி.

பிறகு ஆடுத்தன் ராசா.

அடலீனோ தட்டினான்.
இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்த ஆர்பென்
இரண்டு இரண்டு பிராங் குற்றிகளை
சத்தமில்லாமல் முன்னுக்குத் தள்ளினான்.

சத்தமில்லாமல். அதுதான் குழப்பியது.
பொய்யென்றால் கொஞ்சம் சத்தம் வராதா?
அல்லது சத்தம் வரும் என்று நான் நினைப்பேனென்று
நினைத்தானா?

கூட்டலாம், எட்டு.
ராசா இருந்தால் அவன் பன்னிரண்டாக்குவான்,
நான் நாலு பிராங் கொடுத்து
நாலு பிராங் பெறுமதியான செய்தி வாங்குவேன்.
ராசா இல்லையென்றால் கவிழ்ப்பான்,
அல்லது கவிழ்க்காமல் இன்னும் தருவான்.
விடலாம். விட்டால் வலி சின்னது, ஆனால் நாளைக்கும் இருக்கும்.

நடுத்தரமான கையின் துன்பம் இது.
குப்பையென்றால் எறியலாம். அரசென்றால் அடிக்கலாம்.
இது வெங்காயம் வதங்குவது மாதிரி,
கண்ணை எடுக்கவும் முடியாது
கிளறிக்கொண்டே இருக்கவும் கூடாது.

போன மாதம் ஷெஃப் கேட்டார்:
எழுபது வீத வேலை போதும்தானே, மேனகா?
நூறு கேட்கப் போயிருந்தேன். பதினொரு வருடம்.
எண்பதுக்காவது
கூட்டிக் கேட்டிருக்கலாம்.
சரி என்றேன்.

இப்போதும் அதைத்தான் செய்தேன்.
நாலு வைத்தேன், கூட்டாமல்.
அடலீனோ பெருமூச்சுடன் எழுந்து
பீங்கான் கழுவும் மெஷினைத் திறந்து வைத்தான்.

கடைசிச் சீட்டு இன்னொரு நாலு. யாருக்கும் உதவாதது.
ஆர்பென் மறுபடியும் நாலு.

இந்த இடத்தில் மட்டும் எனக்குக் கணக்கு வரும்.
நடுவில் முப்பத்தொன்று. பார்க்க நாலு.
எட்டுத் தடவையில் ஏழு தடவை முட்டாளாகி
ஒரேயொரு தடவை சரியாக இருந்தாலும்
மூன்று பிராங் மிச்சம்.
வீரம் தேவையில்லை. ஏழு தடவை வெட்கப்படத் தெரிந்தால் போதும்.

வைத்தேன். காட்டு என்றேன்.

அவன் காட்டவில்லை.
என் ஒன்பதுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தான்,
தலையாட்டினான்,
தன் இரண்டு சீட்டையும் முகம் கீழாகவே
கழிவுக்குள் செருகிவிட்டான்.

முப்பத்தைந்து பிராங். அதில் பதினாலு என்னுடையதே.
"ஒருக்காலாவது கூட்டியிருக்கலாம்" என்றாள் சோலாஞ்
பிரெஞ்சில், நகத்தைப் பார்த்தபடி.

ஏழு வைத்திருந்தானா? எட்டு, எட்டா?
ஒன்றுமே இல்லாமலா அவ்வளவு அமைதியாகத் தள்ளினான்?
கூட்டியிருந்தால் தந்திருப்பானா, ஓடியிருப்பானா?

அடுத்த கை சோலாஞ் போடவேண்டும்.
சீட்டுகளைச் சேர்த்துக் கொடுக்கும் சாக்கில்
எது இன்னும் சூடாக இருக்கிறதென்று
ஒவ்வொன்றாக விரலால் தடவினேன்.

எல்லாம் ஒரே குளிர்.
எல்லாவற்றிலும் எலுமிச்சை மணம்.