பிரைமர் இல்லை

கதவில் ஒட்டும் தாளை மூன்று முறை மாற்றிவிட்டேன்.
முதல் தாளில் "அடுத்த வாரம்" என்று எழுதியிருந்தேன்.
இரண்டாவதில் "விரைவில்".
இப்போது இரண்டே சொல்:
பிரைமர் இல்லை.

மாரிட்ஸ்பர்க்கில் தூறல் விடாத செவ்வாய்க்கிழமை.
டவுன் ஹில் மேட்டில் லாரிகள் முக்கி முனகி ஏறுகின்றன.
டர்பன் துறைமுகத்திலிருந்து எல்லாம் வருகிறது,
டயர், பாமாயில், பிளாஸ்டிக் நாற்காலி,
யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ ஆயிரம் எவர்சில்வர் டம்ளர்.
உளுந்தளவு பித்தளைக் கிண்ணி மட்டும் வருவதில்லை.

அவ்வளவுதான் அது. உளுந்தளவு.
அடியில் அது இல்லையென்றால்
மருந்து வெறும் கருப்பு ரவை,
ஈயம் தூண்டிலுக்குக் கனம்,
உறை, உதட்டில் வைத்து ஊத ஒரு விசில்.

பிரிட்டோரியாவிலிருந்து பேசும் வான் வைக்
மாதம் ஒரு நாட்டின் பெயரைச் சொல்கிறார்.
எங்கோ ஒரு போர் எல்லாவற்றையும் விழுங்குகிறதாம்.
"பெரியவர்கள் சாப்பிட்ட மிச்சம்தான் நமக்கு, மிஸஸ் தேவர்."
கடைசிப் பந்தியில் உட்கார்ந்து
ரசத்தோடு எழுந்து வந்தவள்தானே நான்.

லங்கலிபலேலே தெருவில் இருந்த இன்னொரு துப்பாக்கிக்கடை
இப்போது செல்போன் உறை விற்கிறது.
அதுவும் உறைதான்.
நான் எண்ணெயும் பேனாக்கத்தியும் தூண்டில் நரம்பும் விற்று
வாடகை கட்டுகிறேன்.

கடைகள் எரிந்த அந்த ஜூலையில்
ஒரே காலையில் அலமாரி காலியானது.
வாங்கியவர்களுக்குக் கை நடுங்கியது.
சில்லறை எண்ணிய எனக்கும்.

காவல் கம்பெனி ம்தோகோசிசி
மார்ச்சில் ஐந்து தோட்டா வாங்கினான்.
"ஐந்தும் பத்திரம்" என்று இடுப்பைத் தட்டுகிறான்.
பயிற்சிக்கு என்ன செய்கிறாய்?
"வாயாலேயே டப் டப் சொல்லச் சொல்கிறார்கள், மா."
சிரித்தோம்.
அவனுக்கு இரவு வேலை. லாரி நிறுத்துமிடம். தனியாக.

நாட்டிங்ஹாம் ரோடு காலின் திங்கள்தோறும் போன் செய்வார்.
காட்டுப்பன்றி உருளைக்கிழங்கு வயலை
டிராக்டரைவிட நேராக உழுதுவிட்டுப் போகிறதாம்.
ஒரு துப்பாக்கிக்கு இருநூறு தோட்டா வரை வைத்துக்கொள் என்கிறது சட்டம்.
இருபதுக்கு மேல் தரமாட்டேன் என்கிறேன் நான்.
சட்டத்தைவிடக் கறாரானவள் என்று
ஊரில் பெயர் எடுத்தாயிற்று.

இன்று மதியம் நார்த்டேலிலிருந்து
கோகிலம்பாள் சின்னப்பன் வந்தார்.
குடையை மடக்கவில்லை. உட்காரவும் இல்லை.
மேஜைமேல் ஒரு பிஸ்கட் டின்.
உள்ளே இரண்டு பெட்டி, பிரிக்காதவை,
நூறு நூறாக.
விலைச்சீட்டில் என் கையெழுத்து,
பதினோரு வருஷத்துக்கு முந்திய விலை.
பக்கத்தில் அவர் கணவரின் நோட்டு:
எந்த மானுக்கு எத்தனை கிரெயின் மருந்து,
எந்தக் காலையில் காற்று எந்தப் பக்கம்.

இன்றைய விலையைச் சொன்னேன். நாலு மடங்கு.
தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.
"பணத்துக்கு வரவில்லை.
துப்பாக்கியைப் போன வாரமே ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன்.
இதுவும் வீட்டில் வேண்டாம்.
பையன் தூங்குவதே இல்லை, மிஸஸ் தேவர்.
அலமாரியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்."
அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
நோட்டை மட்டும் திரும்ப எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பதிவேட்டில் எழுதினேன்: வரவு, இருநூறு.
காத்திருப்போர் பட்டியலில் நாற்பத்து மூன்று பேர்.
கணக்கில் நான் கெட்டிக்காரி.
இருநூறை நாற்பத்து மூன்றால் வகுக்க உட்கார்ந்து
அந்தப் பையனின் முகம் எப்படியிருக்கும் என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.
டின்னைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன்.
தாளைக் கதவிலிருந்து கிழிக்கவில்லை.

ஐந்து மணிக்கு போன். காலின்.
செவ்வாயன்று அழைக்கிறவரே இல்லை.
"ஏதாவது வந்ததா?"
மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது.
பன்றி நேற்றும் வந்ததா என்று கேட்டேன்.
"நேற்றும்."
நாய் வாங்குங்கள் என்றேன்.