ஊதாவும் ஆரஞ்சும்

வண்ணார்பேட்டையில் என் கடை.
பிக்சர் டியூப், ஆன்டெனாக் கம்பி,
பழுது பார்த்தும் யாரும் வாங்க வராத ரேடியோக்கள்.
எண்பத்தாறு ஆடி. தெரு மண்ணெல்லாம்
கடைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

அபுதாகிர் துபாயிலிருந்து கொண்டுவந்தது கொமடோர்.
கஸ்டம்ஸில் கட்டியதைச் சொல்லும்போது மட்டும்
குரல் இறங்கியது.
அந்தக் காசுக்கு மேலப்பாளையத்தில்
ஒரு வீட்டை ஒத்திக்குப் பிடிக்கலாம்.

எஸ்தர் டீச்சருடையது ஸ்பெக்ட்ரம்.
சொசைட்டிக் கடன். விலை அதில் மூன்றிலொன்று.
பொத்தானைத் தொட்டால்
அழிரப்பரைத் தொட்ட மாதிரி இருக்கும்.

"பதினாறு நிறம் டீச்சர் இதுல."
"எனக்கு எட்டு போதும்வே."

என்னிடம் இருந்ததோ
கறுப்பு வெள்ளை டிவி.
ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பினால்
இலங்கைக்காரன் செய்தி வாசிப்பான்.

பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தை வரைவது என்று பந்தயம்.

டீச்சர் கிராஃப் தாளில் எண்ணி வந்திருந்தாள்.
'வரை' என்று ஒரு கட்டளை,
கோடு ஓடிற்று.
சரிவெல்லாம் படிக்கட்டாய்த்தான் இருந்தது,
ஆனாலும் கோபுரம்.
கறுப்பு, நீலம், சிவப்பு என்று அவள் ஏற்றிய நிறங்கள்
என் திரையில் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு
வரிசை தப்பாமல் ஏறின.
ஒரு காக்கையையும் பறக்கவிட்டாள்.
அது கடந்த இடத்துக் கல்லெல்லாம்
கட்டம் கட்டமாய்க் காக்கை நிறம் வாங்கியது.
எட்டுக்கு எட்டுப் புள்ளி, அதற்குள்
இரண்டு நிறத்துக்குத்தான் இடமாம்.

அவன் பெட்டிக்கு 'வரை' என்ற சொல்லே தெரியாது.
புள்ளிக்குப் புள்ளி கதவிலக்கம் பார்த்து
எண்ணைப் போட வேண்டும், தபால்காரன் மாதிரி.
முந்நூறாவது வரியில் கரண்ட் போனது.
டேப்பில் ஏற்றியிருக்கவில்லை.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவன் முகத்தை
நாங்கள் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம்
மொத்தமும் திரும்ப அடித்து முடித்தான்.
"அந்தி வானம், ஆரஞ்சு. கோபுரம் ஊதா. பாருங்க."

பார்த்தோம்.
திரை முழுக்க ஒரே சாம்பல்.
பிரைட்னஸைத் திருகினேன், கான்ட்ராஸ்டைத் திருகினேன்,
டிவியின் தலையில் ஒன்று போட்டேன்.
இருந்த ஒரே வண்ண டிவி
கலெக்டர் ஆபீஸ் சூப்பிரண்டு வீட்டில்,
அவரோ குற்றாலத்தில்.

"இருக்குலா... அங்கனதான் இருக்கு"
என்று சொல்லிக்கொண்டே அவன் காக்கையை விட்டான்.

இடது ஓரத்திலிருந்து கறுப்பாய்க் கிளம்பியது,
கொஞ்சமும் நடுங்காமல்.
வெறும் வானத்தின் நடுவில் வந்ததும்
அலகு காணாமல் போனது,
பிறகு சிறகு, பிறகு வால்.
டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.
அந்தப் பக்கம் அலகு வெளியே வந்தது.

எது தேவலை என்று இரண்டு பேரும்
என்னைக் கேட்டார்கள்.
விலையைச் சொன்னார்கள், கிலோபைட்டைச் சொன்னார்கள்.

இன்னொரு தரம் விடு, என்றேன்,
அந்தக் காக்கையை.