கீல்

க்வுன் தோங், பதினான்காம் மாடி.
மார்ச் மாத ஈரத்தில் சுவர் வியர்க்கிறது.
ஒரே ஆளுக்கு
மூன்று ஊர்களின் மதிப்பீடு என் மேசையில்.
படிவத்தின் தலைப்பில் அதே எழுத்துகள்தாம்,
ஓரிரு கோடுகள் கூடக்குறைய.

பெயர் தெங் போ-ஷியாங்.
வேலை, மடிக்கணினியின் கீலைத்
திறந்து மூடித் திறந்து மூடி
உடையும்வரை எண்ணுவது.

ஷின்ச்சுவில் அவருக்கு 'நன்று'.
அங்கே எல்லோருக்குமே 'நன்று'.
ஒருவரைத் தூக்கி எழுதிவிட்டு
மதியம் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது?
ஆண்டிறுதி விருந்தில் கோழித்தலை
யாரைப் பார்க்கிறதோ அவருக்குச் சீட்டுக் கிழியும் என்பார்கள்.
மேலாளர் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து
கடைசியில் தன் பக்கமே திருப்பிவைத்துக்கொண்டாராம்.
விருந்து முடியும்வரை அது அவரையே முறைத்ததாம்.

ஜூனில் குன்ஷானுக்குப் போனார்.
அங்கே சுவரில் பட்டியல்:
நாற்பத்து மூன்று பேரில் நாற்பத்து மூன்று.
தன் குறைகள் மூன்றை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள்.
'மெதுவாக எண்ணுகிறேன்' என்றார்.
இன்னும் இரண்டு?
'மெதுவாக எண்ணுகிறேன். மெதுவாக எண்ணுகிறேன்.'
யாரும் சிரிக்கவில்லை.
ஜியாவ் போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:
'யாராவது ஒருவர் கடைசியில் நிற்க வேண்டும்.
இவர் ஊருக்குத் திரும்பிவிடுவார்.
மற்றவர்களை நான் தினமும் பார்க்க வேண்டுமே.'

இங்கே 3.25.
எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்,
போட்டதே நான்தான்.
பதினொரு நிமிடச் சந்திப்பு, ஏசி இரைச்சல்,
கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் ஒட்டுத்தாள்.
பேனாவை எடுத்தவர் கேட்டார்:
'மூன்று சரி. அந்தக் கால் எதற்கு?'
கால் இல்லாவிட்டால் போனஸ் நடக்காது என்றேன்.
தலையாட்டிக் கையெழுத்திட்டார்.
குடையை மறந்துவிட்டுப் போய்,
திரும்பி வந்து எடுத்துக்கொண்டார்.

இப்போது மூன்றையும் சேர்த்து
ஒரே வரி எழுத வேண்டும். மாலைக்குள்.
நன்று, நாற்பத்து மூன்று, மூன்றே கால்:
எதை எதால் வகுப்பது?

மேசையில் அவர் விட்டுச்சென்ற மாதிரிக் கீல்.
முப்பத்தோராயிரத்து எட்டு என்று
அடியில் பென்சிலால் எழுதியிருந்தார்.
இன்னும் உடையவில்லை.
நானும் திறந்தேன், மூடினேன்.
இருநூற்றுப் பதினாறில் போன் அடித்தது.

ஜியாவ்.
'தெங்கை இந்த ஆண்டும் அனுப்புவீர்களா?
பட்டியலுக்கு ஆள் வேண்டும்' என்றாள்.
சற்று நிறுத்தி,
'இங்கே வேறு யாருக்கும் எண்ண வரவில்லை' என்றாள்.