மலைக்குக் கழித்தது

பன்னிரண்டு புள்ளி எட்டு என்றது கருவி.
"போதும்தானே?" என்று எழுந்தாள் நிகாசியா.
உட்காரச் சொல்லி
மூன்றைக் கழித்தேன்.
ஹுலியாக்காவில் காற்று மெலிவு,
எண் கொழுத்துத்தான் காட்டும்.
ஒன்பது புள்ளி எட்டு.

"என் ரத்தத்தில் மலைக்கும் பங்கா?"
சந்தையில் தண்டல்காரனிடம் பேசும் அதே குரல்.

கடலோரம் விட்டு மாற்றலாகி வந்த முதல் வாரம்
மூச்சுக்குத் திணறி
நானும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டேன்,
யாரிடமென்று தெரியாமல்.

ஒரே ஏற்றத்தில் இப்போது
நாலு முறை மூட்டையை இறக்குகிறாளாம்.
களிமண் கரைசலில் கிழங்கைத் தோய்த்துத் தின்னும் ஊர் இது.
அவள் கிழங்கில்லாமலே மண்ணை நக்குகிறாள்.
அதை மட்டும்
கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

ஆடறுத்த அன்று?
வெங்காயத்தோடு வதக்கிய ரத்தம்
புருஷனுக்கு, பையன்களுக்கு.
ஈரல் மாமனாருக்கு.
"உனக்கு?"
"சட்டியில் ஒட்டியிருக்குமே."

மாதம் எட்டு நாள் போவதை
அவள் கணக்கில் எடுத்ததே இல்லை.
நானும் கேட்க மறந்து
படிவத்தை மூடப் போனேன்.

மாத்திரை. தேநீரோடு வேண்டாம்,
எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு.
மலம் கறுக்கும், பயப்படாதே.

மூன்று மாதம் கழித்துப்
பதினாலு புள்ளி மூன்று.
நான் பேனா எடுக்குமுன்
கையைப் பிடித்துக்கொண்டாள்:

"ஞாயிற்றுக்கிழமை ஆடறுத்தோம்.
அடுப்படியில் நின்றபடியே
முதல் தட்டு நான் தின்றேன்,
சூடு ஆறுவதற்குள்.
அதிலும் கழிப்பாயா?"