திரும்பக் கூட்டு

ஏற்காட்டுக்கு முதல் பஸ்.
ஐம்பது ரூபாய்த் தாளுக்குச் சில்லறை இல்லை;
டிக்கெட் முதுகில் கண்டக்டர் எழுதினார்: மீதி 18.
மடியில் லேப்டாப். போனில்
பெலிக்ஸ் அனுப்பிய மீட்டர் படம்.
காப்பிப் பழம் தோலுரிக்கும் கொட்டகை
ஒரே ராத்திரியில் எரித்தது
இருபது இலக்க யூனிட்.
"மேட்டூரையே நாங்க குடிச்சாப்ல இருக்கே, அம்மணி."

சிப் சின்னது.
ஒரு வாய்க்கு முப்பத்திரண்டு பிட்தான் விழுங்கும்.
என் எண்ணோ நாலு வாய்.
கர்னலுக்குள் லைப்ரரி கிடையாது,
வகுத்தல் குறியைப் போட்டால்
லிங்கர் கையை விரிக்கும்.
ஆகவே நானே எழுதினேன், போன ஆடியில்,
அஸ்தம்பட்டி மாடியறையில் உட்கார்ந்து,
நாலாம் வகுப்பில் போட்ட அதே கணக்கை:
தலை இலக்கத்தைப் பார். ஈவை ஊகி. பெருக்கு.
கழி. அடுத்ததை இறக்கு.

ஊகம் ஒருநாளும் குறையாது.
கூடினால் ஒன்று கூடும், மிஞ்சினால் இரண்டு.
நிரூபணம் இருக்கிறது, படித்திருக்கிறேன்.
கூடிவிட்டால் ஒன்றைக் குறைத்து
வகுத்தியைத் திரும்பக் கூட்ட வேண்டும்.
அவ்வளவு அபூர்வம் அந்தக் கிளை,
பத்துக் கோடி எண்களை ஓட்டிப் பார்த்தும்
ஒன்றுகூட அதற்குள் விழவில்லை.

பதினோராவது கொண்டை ஊசி.
எதிரே சில்வர் ஓக் ஏற்றிய லாரி.
டிரைவர் ஒடித்தது கூடிப்போய்
முன்சக்கரம் கைப்பிடிச் சுவரை முகர்ந்தது.
விசில். ஒரு முழம் பின்னே.
பிறகு மேலே போனோம்.
பின் சீட்டில் ஒருத்தி மட்டும் வாந்தியெடுத்தாள்.

எனக்கு அங்கேதான் உறைத்தது.
திரும்பக் கூட்டும் வரி இருந்தது. அதன் வாசலில்
நான் நிறுத்திய கேள்வி:
பூஜ்ஜியத்தைவிடக் குறைவா?
கேட்டதோ குறியில்லா எண்ணிடம்.
அது எப்படி ஆமென்று சொல்லும்?
கீழே விழுந்தால் அது
உச்சியில்தான் போய் உட்காரும், இருபது இலக்கமாய்.
விநாடிக்கு நூறு வகுத்தல்,
எட்டு மாதத்துக்கு ஒரு தரம் நிகழ வேண்டியது
எட்டாம் மாதம் நிகழ்ந்திருக்கிறது.
கம்பைலர் எச்சரித்திருக்கும்.
எச்சரிக்கைகளை அணைத்து வைத்தது குழந்தைவேல் சார்,
இல்லை, நான்தான்.

எஸ்டேட்டில் பெலிக்ஸ் குடை பிடிக்க,
மீட்டர் பெட்டி முன் குந்தி ஒரு வரியை மாற்றினேன்.
"சரியாயிடுச்சுன்னு எப்படி நம்பறது?
இன்னும் எட்டு மாசம் காத்திருக்கணுமா?"
வேண்டாம். அந்தக் கிளைக்குள் விழுந்தே தீரும் எண்களைக்
கையால் செய்து ஊட்டினேன்.
விழுந்தன. ஏறி வந்தன.
ஈவை வகுத்தியால் பெருக்கி மீதியைக் கூட்டினால்
பழைய எண், பிட் பிசகாமல்.

"அப்போ அந்த மேட்டூர் பில்லு?"
"கிழிச்சுப் போடுங்க."

திரும்பும்போது பர்ஸில்
காலை டிக்கெட் கிடைத்தது.
மீதி 18.
வாங்காமலே இறங்கியிருக்கிறேன்.