ஒன்பதாம் கணக்கு

எட்டுவரை தொல்லையில்லை.
பையில் ஐந்து சிவப்புக் கோலி, மூன்று நீலம்.
ஒன்றை எடு. திரும்ப வைக்காதே. இன்னொன்றை எடு.
இரண்டும் நீலமாய் வர நிகழ்தகவு என்ன?
இருபத்தெட்டில் மூன்று.
பாண் பேக்கரியில் விடியவிடியத்
தட்டுத் தட்டாய் எண்ணுகிற கைக்கு
இதெல்லாம் ஒரு கணக்கா?

வின்னிபெக். பெப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
சார்ஜன்ட் அவெனியூவில் வளர்ந்தோர் பள்ளி, இரண்டாம் மாடி.
ஹீட்டர் தொண்டையைச் செருமுகிறது.
கதவோரம் பத்தொன்பது சோடி பூட்ஸ்
ஸ்னோ உருகி ஒரே குளமாய்.
மிஸ் கொவல்ச்சுக் பலகையில் எழுதுகிறா:

ஓர் அறையில் பத்தொன்பது பேர்.
இருவருக்காவது பிறந்தநாள் ஒன்றாய் அமையும் வாய்ப்பு?
ஆண்டுக்கு 365 நாள்.
எல்லா நாளும் சமவாய்ப்புடையவை எனக் கொள்க.

கொண்டோம்.
கொள்ளச் சொன்னதையெல்லாம் கொண்டுதானே
இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

பெருக்கி, வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால்
நூற்றுக்கு முப்பத்தெட்டு.
"அமையாமல் போகத்தான் வாய்ப்புக் கூட" என்றா மிஸ்.
"சரிபார்ப்போம். ஆளாளாய்ச் சொல்லுங்கள்."

ஸஹ்ரா: ஜனவரி ஒன்று.
குலாம் நபி: ஜனவரி ஒன்று.
மிஸ்ஸின் முகம் மலர்ந்தது.
டெங்: ஜனவரி ஒன்று.
மலர்ந்தது அப்படியே நின்றது.
நாலாவது ஹப்தோம்,
வாய் திறக்க முன்னமே சிரித்துவிட்டான்.

ஆறு பெருகிய வருசம், மாடு செத்த கிழமை
என்று டெங்கின் தாய் சொன்னாளாம்.
அதற்குப் படிவத்தில் பெட்டியில்லை.
வரிசை நீளம், வெயில், பேனைக்காரனுக்குப் பசி,
ஒன்று, ஒன்று என்று போட்டுத் தள்ளினான்.
ஒரு முகாமே ஒரே இரவில் பிறந்தது.

மிஸ் பேனையை மூடினா. திறந்தா. மூடினா.
'சமவாய்ப்பு' என்ற சொல்லின் கீழே
மெல்ல ஒரு கோடு இழுத்தா.
அதை அழிக்கவில்லை.

அடுத்தது நான்.
எனக்குத் தேதி இரண்டு.
ஒன்றில் பிறந்தேன்.
மற்றது பாங்கொக்கில் ஏஜென்சிக்காரன் தந்தது:
"என்ர மகள் பிறந்த நாள் தம்பி, ராசியானது, வைச்சுக்கொள்."
வைத்துக்கொண்டேன்.
லைசென்ஸில் அது. ஹெல்த் கார்டில் அது.
பேக்கரியில் வருசா வருசம் கையில் திணிக்கிற
பத்து டொலர் கூப்பனும் அதற்குத்தான்.

"மார்ச் ஒன்பது" என்றேன்.

மிஸ் துள்ளியே விட்டா.
"எனக்கும்! எனக்கும் மார்ச் ஒன்பது!
என்னோடு இருபது பேர்; முப்பத்தெட்டு இப்போது நாற்பத்தொன்று.
பார்த்தீர்களா, இதுதான் தற்செயல்.
எவரும் எழுதித் தராத தற்செயல்."

எவரும் எழுதித் தராத.
சொல்லியிருக்கலாம்.
அந்த முகத்தைப் பார்த்தால்
நீங்களும் சொல்லியிருக்கமாட்டீர்கள்.

மார்ச் ஒன்பது இரவு
பெட்டியோடு வந்தா. இருபது டோனட்.
எனக்கும் தனக்குமாய் ஒரே மெழுகுதிரி.
ஜனவரி ஒன்று நாலுபேரும்தான்
எல்லாரையும்விடச் சத்தமாய்ப் பாடினார்கள்.
ஊதும்போது ஒரு கணம்
பாங்கொக்கின் அந்தப் பிள்ளையை நினைத்தேன்.
இன்றைக்கு அவளுக்கு எத்தனை வயதோ,
எந்த ஊரில் எவர் கேக் வெட்டுகிறார்களோ.

பஸ் தரிப்பில் ஸஹ்ரா கேட்டாள்,
"உன்னுடையது உண்மையானதா?"
அவளுக்கு எப்படித் தெரிந்ததென்று தெரியவில்லை.
"திரும்ப வைக்காமல் எடுத்தது" என்றேன்.
கொஞ்சநேரம் யோசித்தாள்.
"முதல் கோலியா, இரண்டாவதா?"

பத்துத் தரத்தில் மூன்று தரம் பிந்துகிற பஸ்
அன்றைக்குப் பார்த்து நேரத்துக்கு வந்தது.

இடம் பிடித்து, கையுறை கழற்றி, கொப்பியை விரித்தேன்.
பத்தாம் கணக்கு:
ஒரு தாயக்கட்டை அறுபது தரம் உருட்டப்பட்டது.
ஒன்று மட்டும் இருபத்திரண்டு தரம் விழுந்தது.
கட்டை நேர்மையானதா? காரணம் தருக.

மடியில் சிந்தியிருந்த சீனியைத் தட்டிவிட்டு
பென்சிலைத் தேடினேன்.