நாற்பத்தேழாம் உருப்படி

க்ல்தானியில் லிஃப்ட் காசு கேட்கும்,
ஏறவும் இறங்கவும்.
ஒன்பதாம் மாடி லாமாராவின் வீட்டைக்
கப்பலுக்குக் கட்டப் போன அன்று
சட்டைப்பை நிறையச் சில்லறை.
நடந்தால் கோயில் மாடு மாதிரி சத்தம்.

பட்டியல் எழுதுவது என் வேலை.
பொருள், எண்ணிக்கை, மதிப்பு, அசலா நகலா.
தையல் எந்திரம் ஒன்று.
கண்ணாடிக் கோப்பை பதினொன்று.
பன்னிரண்டாவது எங்கே என்று
திபிலிசியில் யார் வீட்டிலும் கேட்கக் கூடாது.

நாற்பத்தேழாவதாக வந்தது
ஒரு வாழைப்பழ அட்டைப்பெட்டி.
முந்நூற்றுப் பன்னிரண்டு வட்டுகள், உறையில்லாமல்,
பேனாவில் எழுதிய தலைப்பு பாதி அழிந்து.
அடியில் எழுபது கேசட்.
எல்லாம் திருட்டுப் படமா என்றேன்.
எல்லாமே என்றார்,
உப்பு இருக்கிறதா என்று கேட்டதுபோல.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.
ரோட்டர்டாமில் திறந்து பார்த்தாலும் பார்ப்பார்கள்.
நாலைந்து என்றால் விட்டுவிடுவார்கள்,
முந்நூறு என்றால்
கடை வைக்கப் போகிறாயா என்பார்கள்.
தவிர இந்தப் படமெல்லாம் இப்போது
மாதச் சந்தாவில் கிடைக்கிறது,
மழையில் ஒவ்வொரு துளியும் தெரியும்படி.

அவர் முப்பத்தோராம் உருப்படியைப் பிரிக்கச் சொன்னார்.
பிரித்தேன். பிளேயர்.

பாலைவனம். ஒரு கார் எரிகிறது.
கதாநாயகி கதறுகிறாள்.
அவள் மேல் ஓர் ஆண்குரல், மூக்கடைப்போடு,
மளிகைக் கணக்குப் படிக்கிற நிதானத்தில்
ருஷ்ய மொழியில் சொல்கிறது: என்னை விட்டுப் போகாதே.
நாயகனுக்கும் அதே குரல்: போகத்தான் வேண்டும்.
காருக்கு மட்டும் சொந்தக் குரல்.

ஒதார், என்றார். என் முன்னாள்.
தொண்ணூற்று மூன்று. கரண்ட் வருகிற நேரத்துக்குள்
ஒரே மூச்சில் ஒரு படம்.
ஒத்திகை கிடையாது,
தெரியாத வார்த்தை வந்தால் இருமுவார்.
ஒரு முத்தக் காட்சி முழுக்க இருமியிருக்கிறார்.
இப்போது இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளித்தான் இருக்கிறார்,
பேசிப் பதினாறு வருஷம்.

அவருக்காகவா என்றேன்.
இல்லை. கேள்.

வில்லன் துப்பாக்கியை நீட்டுகிறான்.
கடைசியாக ஏதாவது சொல்லணுமா
என்கிறது ஒதாரின் மூக்கு.
பின்னால் எங்கோ கெட்டில் சீழ்க்கை.
ஒரு பெண்: மண்ணெண்ணெய் தீர்ந்துபோச்சு.
அப்புறம், கண்ணுக்கெட்டிய தூரம்
ஈ காக்கை இல்லாத அந்த மணலில்
ஒரு கைக்குழந்தை வீறிடுகிறது.
வில்லன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஸாஸா, என்றார். பல் முளைத்த வாரம்.
இப்போது அங்கே கிரேன் ஓட்டுகிறான்.
அவன் வீட்டுக்குத்தான் போகிறேன்.
இந்தப் பெட்டி வேண்டாமென்று
அவனும்தான் சொன்னான்.

ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக் கைப்பையில் போடலாமே.
ஏற்றினேன், மூன்றில் ஒன்று திறக்கவில்லை.
திறக்காததையாவது விடலாமே.
என்னைப் பார்த்தார்.
அதில் என்ன இருக்கிறதென்று
உனக்குத் தெரியுமா?

தெரியாது.
பேனா கட்டத்தின் மேல் நின்றது. அசலா நகலா.
சினிமா என்று எழுதியிருந்ததை அடித்தேன்.
வீட்டுச் சத்தம், பயன்படுத்தியது, ஒரு பெட்டி.
மதிப்புக்குப் பூஜ்யம் போடச் சொன்னார், போட்டேன்.
சுங்கத்தில் என்ன சொல்வார்களோ,
அது என் கையெழுத்துக்கு அப்பால்.

கடைசி நடைக்குச் சில்லறை தீர்ந்திருந்தது.
பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் படியில் இறங்கினேன்.
உள்ளே வட்டுகள் ஒன்றையொன்று உரசின.
நாலாம் மாடியில் எனக்கு இருமல் வந்தது.
எந்த வார்த்தைக்கு என்று தெரியவில்லை.